கால்வாயை நகர்த்திய மாப்பிள்ளைக்கு

என் அருமை எபி மாப்பிள்ளை,

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் பைக்கில் வேலைக்குப் போகும்போதே மனசுக்குள் சொல்லிவிடுவேன். நீயும் வழக்கம்போல் ஏதாவது கிண்டலாகப் பதில் சொல்வாய். போன வாரத்திலிருந்து அது நின்றுவிட்டது. உன் குரல் கேட்டாலே எரிச்சலாக வருகிறது.

நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். ஏண்டா அப்படிச் செய்தாய்?

இந்தக் கடிதத்தை நம் பேட்டை வாரப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நானும் நீயும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். நான் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்குத் தரப் பரிசோதனை வேலைக்குப் போனேன். நீ இலுப்பைச்சேரி நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன் ஆனாய். பிறகு என் தங்கை ரூத்தைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையும் ஆனாய். "இனிமே அவரை வாங்க போங்கன்னு மரியாதையா பேசுடா" என்று அம்மா சொன்னாள். நானும் ஒரு வாரம் முயன்று பார்த்தேன். நான் "வாங்க மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தாலே நீ சிரித்துத் தொலைப்பாய். அதோடு விட்டுவிட்டேன்.

தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷத்தில் வந்துவிடுகிற இலுப்பைச்சேரியை அப்போதெல்லாம் யாரும் ஊராகவே மதித்ததில்லை. அப்புறம் நாவலூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. மறைமலை நகரில் ஷிப்டு கூடியது. நடுவில் மாட்டிக்கொண்ட நம் ஊரில் கண்ட இடத்தில் எல்லாம் மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டி, வேனில் ஆட்களைக் கூட்டிவந்து மனை காட்டினார்கள். ஏரிக்கரை மண்ணைக் கொண்டுவந்து வயலை மூடினார்கள். நான்கூட அப்படி ஒரு மனையைத்தான் வாங்கி, கிருபா நகரில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நகராட்சி அப்புறம்தான் விழித்துக்கொண்டது. இருபது வருஷத்துக்கான முழு வளர்ச்சித் திட்டம் ஒன்று தயாரிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வரைபட வேலை முழுக்க உன் தலையில் விழுந்தது. உனக்கு அது தலையில் விழுந்த மாதிரியே இல்லை. குழந்தை பிறந்த மாதிரி இருந்தாய்.

"மச்சான், இந்த ஊர் ரெண்டு மடங்கு ஆகும்போது பிள்ளைங்க எங்க படிக்கும், குப்பை எங்க போகும், மழைத்தண்ணி எந்த வழியா போகும்னு இப்பவே இடம் ஒதுக்கிடணும். அப்புறம் ஒதுக்கலாம்னா இடம் இருக்காது" என்றாய். சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டுப் பிசையக்கூட மறந்து நீ பேசியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ரூத் தட்டை உன் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நாம் இருவரும் கிளம்பிவிடுவோம். உன் கையில் நோட்டும் பென்சிலும். டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும், இன்னொரு முனையை நீ இழுத்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் போவாய். பழைய சர்வே தாள்களை நம்பாமல் ஊரையே நடந்து அளந்தவன் நீ ஒருத்தன்தான். ஆபீசில் மற்றவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தாளைப் பார்த்துத் தாள் வரைந்தார்கள்.

அந்த நாட்களில் உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிய இடத்தைக் கடைகளுக்கு மாற்றச் சொல்லி ஒரு பெரிய மனிதர் வந்தார். நீ முடியாது என்றாய். இன்னொருத்தர் தன் தோப்புக்கு நடுவே போன ரோட்டுக் கோட்டை நகர்த்தச் சொல்லிப் பழக்கூடையோடு வந்தார். கூடையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாய். "எபி சார்கிட்ட வேலைக்கு ஆகாது" என்று ஊரே சொன்னது. நான் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து அதை எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

ஒரே ஒரு ஞாயிறு மட்டும் நீ என்னைக் கூப்பிடவில்லை. "இன்னிக்கு வேணாம் மச்சான், உனக்குச் சளி பிடிச்சிருக்கு, நான் ஆபீஸ் ஆளை வச்சிப் பார்த்துக்கறேன்" என்றாய். எனக்குச் சளியே இல்லை. உடம்பு நோகாமல் கிடைத்த லீவு என்று நானும் பேசாமல் படுத்துக்கொண்டேன்.

பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம். கல்யாண மண்டபத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற மேடையில், உன் வரைபடத்தைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். வீடுகள் மஞ்சள், தண்ணீர் நீலம். நீ குச்சியை வைத்துக்கொண்டு தொண்டை வறளக் கத்தினாய். "இது ஏரி நிறைஞ்சா வழியிற கலங்கல். இது கீழே ரோட்டுப் பாலம். நடுவுல முப்பது அடி கால்வாய், இந்த நீலக் கோடு. இதைத் தூர்த்துட்டாங்க, திரும்ப வெட்டணும்."

யார் கேட்டார்கள்? ஊர் முழுக்க மேடையில் ஏறித் தன் தன் வீட்டைத் தேடியது. விரலை வைத்துத் தெருவைப் பிடித்து, வீட்டைப் பிடித்து, ரோட்டுக் கோடும் நீலக் கோடும் தன்மேல் விழவில்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, நேரே பஜ்ஜி வரிசைக்குப் போனார்கள். இருபது வருஷத்து ஊரை அவர்கள் இருபது நொடியில் பார்த்து முடித்தார்கள். அடுத்த தெருவில் என்ன வருகிறது என்று ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை ஆட்சேப மனுவிலும் ஒரே விஷயம்தான்: என் வீட்டு மூலையை விட்டுவிடுங்கள்.

அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும்தான் ஏறினேன். நானும்தான் விரல் வைத்தேன். "என் வீடு மஞ்சள்ல இருக்கு மாப்பிள்ளை!" என்று உன் முதுகில் தட்டினேன். "இருக்கும் மச்சான்" என்று சொல்லிவிட்டு நீ வேறு பக்கம் பார்த்தாய். நான் மூன்று பஜ்ஜி சாப்பிட்டேன்.

அந்த வருஷமே ஐப்பசியில் பெருமழை பிடித்தது. ஏரி வழிந்தது. கிருபா நகரில் நம் தெருவுக்குத்தான் முதலில் தண்ணீர் வந்தது. வாசல் வழியாக வந்தாலாவது சாக்கு மூட்டை போட்டுத் தடுத்திருக்கலாம். அது சமையலறைத் தரையைப் பிளந்துகொண்டு, சிங்க்குக்குக் கீழே இருந்து பொங்கி வந்தது. கேஸ் சிலிண்டர் மிதந்தது. என் மனைவி ஷீலா பைபிளையும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் தலையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

எங்களை அன்றைக்கு வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது யார்? பாஞ்சாலி அக்கா. விடியற்காலை பஸ்ஸில் கோவளத்துக்குப் போய் மீன் எடுத்துவந்து எங்கள் தெருவில் விற்கிறவள். நாங்கள் மனை வாங்குவதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே அவர்கள் வீடுகள் எங்கள் தெருவுக்குக் கிழக்கே இருக்கின்றன. பதினோரு வீடு, ஒரே வரிசை. எங்கள் தெரு இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது அந்த வரிசை காய்ந்து கிடந்தது. இரண்டு நாள் அவள் வீட்டில் தங்கி அவள் போட்ட சோற்றைத்தான் தின்றோம்.

நீயும் எங்களைப் பார்க்க அங்கே வந்தாய். முதலில் என் வீட்டுக்குப் போய், சமையலறையில் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துவிட்டு வந்தாய். முகம் வெளிறியிருந்தது. "மாடி கட்டிடு மச்சான், கீழே புழங்காதே" என்றாய். எனக்காக வருத்தப்படுகிறாய் என்று நினைத்தேன். பாஞ்சாலி அக்கா உனக்கும் தட்டு வைத்தாள். நீ உட்கார்ந்து சாப்பிட்டாய்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு நகராட்சியே வந்து நின்றது. "கறை படாத கை" என்று கமிஷனர் பேசினார். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

இப்போதைய சேதியைச் சொல்கிறேன். உன் திட்டம் அரசிதழில் வந்துவிட்டது. ஊருக்கு நடுவே பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள், அதில் மரமும் நடைபாதையும் சைக்கிளில் போகும் வெள்ளைக்காரப் பிள்ளையுமாகப் படம் போட்டிருக்கிறார்கள். நீ பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிய இடத்தில் கார் ஷோரூம் வந்தாயிற்று. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் குப்பை கொட்டுகிறார்கள். அந்தத் திட்டத்தில் அவர்கள் அட்சரம் பிசகாமல் நிறைவேற்ற நினைக்கிற ஒரே விஷயம் உன் நீலக் கோடுதான். ஏனென்றால் அது யாரையும் பகைத்துக்கொள்ளாத கோடு.

போன மாதம் பாஞ்சாலி அக்கா மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"சாரு, இத்த கொஞ்சம் பட்ச்சி சொல்லு. காவா மேல வூடு கட்டிகினு கீறோம்னு எழுதிக்கீறாங்களாமே? இன்னா காவா? எந்தக் காவா? எங்க மாமியாரு காலத்துல இருந்து அங்க காவாயே கெடியாது சாரு."

படித்தேன். நீர்வழி ஆக்கிரமிப்பு. பதினோரு வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

"உன் மாப்புள சாரு போட்ட பிளானாமே? மண்டபத்துல அன்னிக்கு நான் அவரான்டயே கேட்டேன். எங்க வூடு எங்க சாரு கீதுன்னேன். ஒண்ணும் ஆவாதுக்கா, நீ போன்னாரு. நல்ல மன்சன். அவரு இருந்தா இப்டி ஆவ வுட்ருப்பாரா?"

"விட்டிருக்க மாட்டார்க்கா" என்றேன். மனசார நம்பித்தான் சொன்னேன். உன் காகிதங்களில் ஏதாவது ஆதாரம் இருக்கும், அதை வைத்து ஒரு மனு எழுதித் தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன். ஏதோ எழுத்துப்பிழை மாதிரி ஒன்று நடந்திருக்கிறது, நீ எங்கேயாவது சரியாகத்தான் குறித்து வைத்திருப்பாய் என்று நினைத்தேன்.

நீ சரியாகத்தான் குறித்து வைத்திருந்தாய், பாவி.

ரூத்தின் வீட்டுப் பரணில், ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் உன் அளவு நோட்டுகள் எல்லாம் இருந்தன. நான் வராத அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடிப் பிடித்தேன். பென்சிலில், உன் அச்சுக் கோத்த மாதிரி எழுத்தில், கலங்கலிலிருந்து அடி அடியாக அளவு. பழைய கரையின் கருங்கல் எங்கெங்கே தட்டுப்பட்டது என்பதுகூட இருக்கிறது. கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாய்: "கால்வாய் மையக்கோடு, மச்சான் வீட்டுச் சமையலறை, சிங்க்குக்குக் கீழ்."

அடுத்த பக்கம் பேனாவில். அதே கலங்கல், அதே பாலம். அவை இரண்டையும் உன்னால் அசைக்க முடியாது. நடுவில் கோடு மட்டும் கிழக்கே வளைந்து போகிறது. அது போகும் வழியில் நீ குறித்திருக்கிறாய்: கூரை மூன்று, ஓடு நாலு, தளம் நாலு. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் செய்திருக்கிறாய்.

நான் தரப் பரிசோதனைக்காரன். பிழைக்கும் திருட்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். பிழை என்றால் ஒரு பக்கம்தான் இருக்கும். இரண்டு பக்கம் இருந்தால் அது பிழை இல்லை.

ரூத்திடம் நோட்டைக் காட்டினேன். அவள் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்ணா" என்றாள்.

"தெரியுமா? எப்பத்திலருந்து?"

"அளந்துட்டு வந்த அன்னிக்கே சொன்னார். உனக்காகத்தாண்ணா செஞ்சார். அந்த வீட்டை விட்டா உனக்கும் அண்ணிக்கும் என்ன இருக்கு?"

"நான் கேட்டேனா?"

"நீ கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டார்."

அவள் சொன்னது சரிதான் என்பதுதான் என்னை வதைக்கிறது. கேட்டவர்களை எல்லாம் கூடையோடு திருப்பி அனுப்பியவன் நீ. நான் கேட்கவில்லை, அதனால் உனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. பாசம் என்று நினைத்துக்கொண்டாய். எனக்கு அது அசிங்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. யாரோ எச்சில் செய்ததை எனக்கு வாயில் ஊட்டிவிட்ட மாதிரி இருக்கிறது.

ஒரு ஊரின் இருபது வருஷத்தை உன் கையில் கொடுத்தார்கள். நீ பார்த்தது ஒரு சமையலறையை. அந்த மண்டபத்தில் ஏறித் தன் வீட்டை மட்டும் தேடிய கூட்டத்தைப் பார்த்து நீ எவ்வளவு நொந்துகொண்டாய்? "ஜனங்களா மச்சான் இது?" என்று எத்தனை நாள் புலம்பினாய்? அவர்கள் தேடியதோடு நின்றார்கள். நீ குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் செய்துவிட்டாய்.

சரி, பெரிய மழை வந்ததே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று ஊருக்கே தெரிந்துபோன சமயம். திட்டம் இன்னும் வரைவு நிலையில்தான் இருந்தது. ஒரு ரப்பர் போதும். காய்ந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த வீட்டுச் சோற்றைத் தின்றாயே, அந்தத் தரையிலேயே முப்பது அடி அகலத்துக்குக் கால்வாய் வெட்டப்போகிறார்கள் என்று உனக்குத் தெரியும். எப்படித் தொண்டையில் இறங்கியது?

என்னை உத்தமன் என்று நினைத்துவிடாதே. நோட்டைக் கொண்டுவந்து இரண்டு நாள் அரிசி டிரம்முக்குள் மறைத்து வைத்தேன். அந்த இரண்டு நாளும் என் புத்தி எங்கெங்கே போனது என்று சொன்னால் நீயே காறித் துப்புவாய். அவர்களுக்கு வேறு எங்காவது இடம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பட்டா இல்லாதவர்கள்தானே என்று நினைத்தேன். ஒரு தடவை அடுப்புக்கு முன்னால் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாஞ்சாலி அக்கா மீன் கொண்டுவந்தபோது "மனு எழுதிட்டிருக்கேன்க்கா" என்று பொய் சொல்லிவிட்டு, அவள் கொடுத்த சங்கரா மீனையும் வாங்கிக்கொண்டேன்.

ஷீலாதான் டிரம்மில் அரிசி எடுக்கப் போய் நோட்டைக் கண்டுபிடித்தாள். நின்றபடியே படித்தாள். கொஞ்ச நேரம் சிங்க்குக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்காக அவள் பட்ட பாடு உனக்குத் தெரியும். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ரெண்டு நாள் அந்தம்மா வீட்டுல சாப்பிட்டோம். தட்டைக் கழுவக்கூட விடல" என்றாள். பிறகு, "போய்க் கொடுத்துட்டு வந்துடுங்க. எனக்கு இங்க நின்னு சமைக்கவே பிடிக்கல" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

உன் நாற்காலியில் இப்போது வேறு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்று காபி வரவழைத்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இது ஜாயினிங் எரர் சார். ரெண்டு தாளை ஒட்டுற இடத்துல கோடு கொஞ்சம் விலகிடும். சகஜம்."

"எபி கையில அது நடக்காது."

"சரி, நடக்காது. இப்ப என்ன சார் பண்ணணும்ங்கறீங்க? பிளான் முடிஞ்சிடுச்சு. இன்னும் இருபது வருஷத்துக்கு இதான். உங்க வீடு சேஃபா இருக்கு. எதுக்கு சார் வம்பு? அவங்க எங்கயாவது போயிடுவாங்க சார். உங்களை மாதிரி ஃபேமிலி எங்க போகும்?"

அந்தக் காபியை நான் குடிக்கவில்லை. எங்கயாவது என்றால் எங்கே? அந்தப் பிரமாதமான வரைபடத்தில் எந்த நிறம் அது? கேட்டேன். அவர் சிரித்தார். கெட்டவர்கூட இல்லை, சாதாரண மனிதர். ஊரைப் பற்றி இருபது வருஷத்துக்கு யோசிக்கச் சம்பளம் வாங்குகிறவர்.

மனு கொடுத்தே தீருவேன் என்றதும் அவர் ஒரு யோசனை சொன்னார். "அப்ப யார் வரைஞ்சதுன்னு எழுதாதீங்க சார். 'வரைபடத்தில் பிழை'ன்னு பொதுவா போடுங்க. போயிட்டவர் பேரு எதுக்கு?" ரூத்தும் அதைத்தான் கேட்டாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவர் பேரை மட்டும் விட்டுடுண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யோசித்துப் பார்த்தேன். பிழை என்று எழுதினால் அந்தத் தாளையும் இந்தத் தாளையும் மேஜைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, பிழை இல்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். தெரிந்தே செய்தது, இன்னார் செய்தது, இன்னாருக்காகச் செய்தது என்று எழுதினால்தான் யாராவது டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் வந்து அளந்தாக வேண்டும்.

அதனால் எழுதினேன். உன் முழுப்பெயர், உன் பதவி. என் பெயர், உனக்கு நான் என்ன உறவு என்பது. என் வீட்டு சர்வே எண். தபால் பிரிவில் இருந்த பெண் படித்துவிட்டு, "சார், இது உங்க வீடுதானே? மாத்தி எழுதிட்டீங்களா?" என்றாள். "மாத்தி எழுதினது நான் இல்லம்மா, முத்திரை போடு" என்றேன். போட்டாள்.

பாஞ்சாலி அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். மழையில் நாங்கள் தங்கிய அதே வீட்டில், தரையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, மறுபடி அளக்க வருவார்களா என்பது நிச்சயம் இல்லை என்பதையும் சொன்னேன். கையெடுத்துக் கும்பிடுவாள், நல்லவன் என்பாள் என்று உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அதுவும் ஒரு அசிங்கம்தான்.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மழைல வந்து இங்க குந்திகினு சோறு துன்னாரே, அப்பவே தெரியுமா அவருக்கு?"

"தெரியும்க்கா."

வெளியே யாரோ மீன் இருக்கிறதா என்று கேட்டதற்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டாந்தபா கொயம்பு கேட்டு வாங்கித் துன்னாரு சாரு" என்றாள்.

நீ இருந்தால் அதற்கு என்ன சொல்லியிருப்பாய், மாப்பிள்ளை?

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். எல்லோரும் புல்லைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலையும் மெழுகுவத்தியுமாக வருவார்கள். நீ கண்ணை மூடிய வருஷத்திலிருந்து உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது நான்தான். இந்த வருஷம் வரமாட்டேன். ரூத் மட்டும் வருவாள். அண்ணன் எங்கே என்று அவளைக் கேட்டு நோகடிக்காதே, அவள் என்னோடு பேசுவதில்லை.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இந்த மனுவைத் தூக்கிப் போட்டால் இன்னொன்று கொடுப்பேன். அதையும் போட்டால் கோர்ட்டுக்குப் போவேன். அந்த நீலக் கோடு என் வீட்டுக்குத் திரும்பி வரும்வரை விடமாட்டேன். அது வந்து, பதினோரு வீட்டு நோட்டீசையும் கிழித்துப் போட்ட பிறகு, நான் பாஞ்சாலி அக்காவிடம் போய், என்னோடு கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்பேன். வருகிறேன் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து உனக்கு மாலை கொண்டுவருகிறோம்.

வரமாட்டேன் என்றால், நானும் வரமாட்டேன்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கிற, உன்னை இன்னும் மன்னிக்காத,
ரூத்தின் அண்ணன்,
உன் மச்சான் சாம்